கார் எஞ்சின் ஏர் ஃபில்டர்: எது எவ்வளவு தூசியைத் தடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு காருக்கு நாம் கொட்டிக் கொடுக்கும் பணத்துக்கு, பத்து ஆண்டு சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடியும்வரையாவது எஞ்சின் தொல்லை தராமல் ஓட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறோம். அந்த எஞ்சினுக்கும் வெளித்தூசிக்கும் நடுவே இருப்பது மடித்து வைத்த ஒரு காகிதம்தான். விலை குறைவு என்பதால் அதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் மாற்றும் நேரம் வந்ததும் சந்தேகங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது எஞ்சின் ஏர் ஃபில்டரைப் பற்றியது. காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்றுக்கான கேபின் ஃபில்டர் வேறு பொருள்; புகைமூட்டக் கேள்வியில் அதுவும் வருகிறது.

ஒரு ஃபில்டர் 97 விழுக்காடு தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 99.5 விழுக்காடு பிடிக்கிறது என்கிறார்கள். இரண்டரை விழுக்காட்டில் என்ன வந்துவிடப் போகிறது?

நிறைய வரும். ஃபில்டரில் மாட்டிக்கொண்ட தூசியால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. தப்பித்து உள்ளே போவதுதான் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் தேய்க்கிறது. அதனால் நூறிலிருந்து கழித்து, மிச்சத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 100 கிராம் தூசி வந்தால் முதல் ஃபில்டர் 3 கிராமை உள்ளே விடுகிறது, இரண்டாவது அரை கிராமை விடுகிறது. ஆறு மடங்கு வித்தியாசம். 99க்கும் 99.5க்கும் நடுவே இரண்டு மடங்கு. 98க்கும் 99.9க்கும் நடுவே இருபது மடங்கு. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எஞ்சின் ஏர் ஃபில்டர்களுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் சோதனை முறை ஐஎஸ்ஓ 5011. அதற்கு முன் அமெரிக்காவில் எஸ்ஏஇ ஜே726 என்ற முறை இருந்தது. பழைய ஃபில்டர் விவரத்தாள்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

சோதனை எளிமையானது. ஃபில்டரைப் பொருத்தி, அளந்த வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டே, எடை போட்டு வைத்த சோதனைத் தூசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கிறார்கள். பின்னால் இன்னொரு மிக நுண்ணிய ஃபில்டர் இருக்கும். முதல் ஃபில்டரைத் தாண்டி வருவதையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். காற்றுத் தடை ஒரு குறிப்பிட்ட அளவு கூடியதும் சோதனையை நிறுத்திவிட்டு இரண்டையும் எடை போடுகிறார்கள். எவ்வளவு போட்டோம், எவ்வளவு தப்பியது என்பது கையில் கிடைத்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் தகவல் நான்கு: புதிதாக இருக்கும்போது உள்ள ஆரம்பத் திறன், அடைபடும்வரை கணக்கிட்ட முழு ஆயுள் திறன், எவ்வளவு தூசியைத் தாங்கும் என்ற கொள்ளளவு, காற்றுக்கு எவ்வளவு தடை தருகிறது என்ற அழுத்த இழப்பு. நல்ல ஃபில்டர் நான்கிலும் சமாளிக்க வேண்டும். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்குவது இந்தப் பொருளின் இயல்பு. தாளை நெருக்கமாக்கினால் தூசி நன்றாக நிற்கும், காற்றுத் தடை கூடும். மடிப்புகளை அதிகமாக்கிப் பரப்பைக் கூட்டினால் அந்தத் தடையை ஈடுகட்டலாம். அதனால் இரண்டு ஃபில்டர்களைக் கையில் வைத்து ஒப்பிடும்போது மடிப்புகள் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

இரண்டு பெட்டியிலும் 99 விழுக்காடு என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டும் சமம்தானே?

சமம் என்று சொல்ல முடியாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்.

எந்தத் தூசியால் சோதித்தார்கள்? ஐஎஸ்ஓ 12103-1 தரத்தில் ஏ1 முதல் ஏ4 வரை நான்கு வகைத் தூசிகள் உள்ளன. ஏ1 மிக நுண்ணியது, ஏ4 கரடுமுரடானது. பெரிய துகளைப் பிடிப்பது எளிது, அதன் எடையும் அதிகம். திறனை எடையால் கணக்கிடுவதால், ஏ4 தூசியில் 99 வாங்கும் ஃபில்டர் ஏ2 தூசியில் அதைவிடக் குறைவாக வாங்கக்கூடும்.

ஆரம்பத் திறனா, முழு ஆயுள் திறனா? ஃபில்டரின் மேல் தூசி படியப் படிய, அந்தத் தூசியே இன்னொரு வடிகட்டிபோல் வேலை செய்யத் தொடங்கும். அதனால் முழு ஆயுள் எண் எப்போதும் அழகாக இருக்கும். ஆரம்ப எண்தான் உண்மையான பரீட்சை.

எந்தக் காற்று வேகத்தில்? 1.5 லிட்டர் எஞ்சினுக்கான வேகத்தில் எடுத்த எண் 3 லிட்டர் எஞ்சினுக்குப் பொருந்தாது.

இந்த மூன்றையும் சொல்லாமல் வெறும் ‘99%’ என்று போட்டிருந்தால் அதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். துகளின் அளவுவாரியாகத் திறனைப் பிரித்துச் சொல்லும் ஐஎஸ்ஓ 19713 என்ற சோதனையும் இருக்கிறது. அதன் முதல் பகுதி 0.3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையும், இரண்டாம் பகுதி 5 முதல் 40 மைக்ரான் வரையும் உள்ள துகள்களைப் பார்க்கிறது. கார் ஃபில்டர் பெட்டிகளில் இந்த விவரம் அரிதாகத்தான் வரும். வந்திருந்தால், அந்த நிறுவனம் சிரத்தை எடுத்திருக்கிறது என்று நம்பலாம்.

எந்த அளவுத் தூசி எஞ்சினுக்கு ஆபத்து?

எஞ்சின் ஆயிலின் படலம் எவ்வளவு தடிமனோ, கிட்டத்தட்ட அந்த அளவுத் துகள்தான் மோசம். சில மைக்ரான் முதல் இருபது மைக்ரான் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரியது ஃபில்டரில் நின்றுவிடும். மிகச் சிறியது ஆயில் படலத்துக்குள்ளேயே மிதந்து போய்விடும். நடுவில் இருப்பது இரண்டு உலோகப் பரப்பையும் ஒரே நேரத்தில் தொட்டு உரசும். மணல் துகளில் உள்ள சிலிக்கா மிகக் கடினமான பொருள், எஞ்சினின் பல உலோகப் பாகங்களைவிடவும் கடினம்.

காகிதம், செயற்கை இழை, எண்ணெய் தடவிய பருத்தி, நுரை: எது நன்றாக வடிகட்டும்?

முதலில், ஏர் ஃபில்டர் மாவுச் சல்லடைபோல ஓட்டையின் அளவை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. காற்று இழைகளைச் சுற்றி வளைந்து போகும்போது, கனமான துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நடுத்தரத் துகள் இழையை உரசிக்கொண்டு போகையில் சிக்குகிறது. மிக நுண்ணியது நேராகப் போகாமல் அங்குமிங்கும் அலைந்து எங்கேயாவது ஒட்டிக்கொள்கிறது. அதனால் இழை எவ்வளவு மெல்லியது, எவ்வளவு அடர்த்தி என்பதுதான் முக்கியம்.

சாதாரணக் காகித ஃபில்டர், அதாவது பிசின் ஏற்றிய செல்லுலோஸ் தாள், இன்றும் மிக நல்ல தேர்வு. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத்தான் போட்டு அனுப்புகின்றன. நல்ல தயாரிப்பாக இருந்தால் 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஈரம் அதற்கு ஆகாது. நம் ஊர் மழையில் காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் தெறித்து நனைந்துவிட்டால், தாள் உப்பிக் காற்றுத் தடை கூடும்; காய்ந்த பிறகும் மடிப்புகள் கோணிக்கொள்ளலாம். அப்படி ஆனால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

செயற்கை இழை ஃபில்டருக்கு ஈரம் பெரிய பிரச்சினை இல்லை. வெளிப்பக்கம் தளர்வாகவும் உள்பக்கம் நெருக்கமாகவும் இழைகளை அடுக்க முடியும் என்பதால் தூசிக் கொள்ளளவும் அதிகம். காகிதத்தின் மேல் மிக மெல்லிய நேனோ இழைகளைப் பூசிய ரகமும் உண்டு. புதிதாக இருக்கும்போதே நுண்துகளைப் பிடிப்பதில் அது முன்னால் நிற்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம், காற்றும் தாராளமாகப் போகும். ஆனால் ஆரம்பத் திறனில் நல்ல காகித ஃபில்டருக்குப் பெரும்பாலும் பின்தங்கியே இருக்கிறது. இழைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். அந்த இடைவெளியை ஈடுகட்டுவது ஒட்டும் எண்ணெய். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் எண்ணெய்த் துளிகள் காற்றோடு போய் எம்ஏஎஃப் சென்சரின் சூடான கம்பியில் படியும். அந்தச் சென்சர்தான் உள்ளே வரும் காற்றை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்கிறது. அளவு தப்பினால் பெட்ரோல் கலவையும் தப்பும், ‘செக் எஞ்சின்’ விளக்கும் எரியலாம். தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் காருக்கு இந்தப் பராமரிப்புத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

நுரை ஃபில்டர் எண்ணெயோடு சேர்ந்து மண்பாதை மோட்டார்சைக்கிள்களில் நன்றாகவே வேலை செய்கிறது. கம்பி வலை ஃபில்டர்களைப் பற்றி: வலையின் கண்ணைவிடச் சிறியது எல்லாம் உள்ளே போகும், அவ்வளவுதான்.

காற்றைத் தாராளமாக விடும் ‘ஹை ஃப்ளோ’ ஃபில்டர் போட்டால் பிக்கப் கூடுமா?

சாதாரண ஓட்டத்தில் தெரியாது. பிஐஇ விரைவுச்சாலையில் 80, 90 வேகத்தில் போகும்போது எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. காற்றை அந்த இடத்தில் தடுப்பது த்ராட்டில்தான், ஃபில்டர் இல்லை. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தி எஞ்சினை உச்சத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் ஃபில்டரின் தடை கணக்கில் வருகிறது. அங்கேயும் புதிய ஃபில்டருக்கும் நன்றாக அடைத்த ஃபில்டருக்கும் நடுவே சோதனைகளில் வழக்கமாக அனுமதிக்கும் வித்தியாசம் 2.5 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்பதால், அது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. இதற்காகத் தூசியை உள்ளே விடுவது சரியான பேரமாகப் படவில்லை.

அடைத்த ஃபில்டரால் பெட்ரோல் அதிகம் குடிக்குமா?

பழைய கார்புரேட்டர் கார்களில் ஓரளவு உண்மை. இப்போதைய கார்களில் கணினி காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் வெளியிட்ட ஆய்வில், அடைத்த ஃபில்டரால் நவீன பெட்ரோல் கார்களின் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. ‘ஃபில்டர் மாற்றினால் பெட்ரோல் மிச்சம்’ என்று யாராவது விற்க வந்தால் இதைச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் காற்றில் அப்படி எவ்வளவு தூசிதான் இருக்கிறது?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது லிட்டருக்கு 11 கிலோ காற்று, கன அளவில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல், ஒன்பது கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 1,250 லிட்டர் பெட்ரோல். காற்று 11,000 கன மீட்டருக்கு மேல்.

சாலையோரக் காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் தூசி என்று சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் ஃபில்டருக்கு வந்து சேர்வது அரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். கார் ஃபில்டர்களோ சோதனையில் நூறு கிராமுக்கு மேல்கூடத் தாங்குகின்றன. லாரிகள் கிளப்பும் கனமான மண்துகள் இந்தக் கணக்கில் வராது. துவாஸ் பக்கம், ஜூரோங் வட்டார ரயில் பாதை வேலை நடக்கும் சாலைகள், புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகள் எழும்பும் இடங்கள் என்று தினமும் போகிறவர்களுக்குத் தூசி பல மடங்கு இருக்கும். அப்படியும், பாலைவனத்தையும் மண்சாலையையும் மனதில் வைத்துச் செய்த ஃபில்டருக்கு நம் தீவு இலகுவான இடம்தான்.

அப்படியானால் 97, 99.5 ஒப்பீடெல்லாம் வீணா என்று கேட்கலாம். வீணில்லை. அதே விலைக்கு ஆறு மடங்கு நல்ல பாதுகாப்புக் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? ஆனால் இங்கே அந்தத் தசமப் புள்ளியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஃபில்டர் அதன் பெட்டியில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் அது.

இடைவெளியால் அவ்வளவு கெடுதலா?

99.5 விழுக்காடு ஃபில்டரை வாங்குகிறீர்கள். விளிம்பு சரியாகப் பதியாமல் 3 விழுக்காடு காற்று பக்கவாட்டில் போகிறது. மொத்தத் திறன் 96.5க்கு இறங்கிவிடும். நீங்கள் ஒதுக்கிய 97 விழுக்காடு ஃபில்டரைவிட மோசம். ஃபில்டர் அடைக்க அடைக்க, காற்று எளிதான வழியைத் தேடி அந்த இடைவெளியிலேயே இன்னும் அதிகமாகப் போகும்.

சோதிப்பது கடினமில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, பலமாடி கார் நிறுத்துமிடத்தில் வெளிச்சமான இடமாகப் பார்த்து பானெட்டைத் திறங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் சின்ன இலைகள் கிளிப்பின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும். திறந்ததும் அவைதான் உள்ளே விழும். கிளிப்புகளை விடுவித்து ஃபில்டரைத் தூக்குங்கள். சுற்றியுள்ள ரப்பர் அல்லது பாலியூரிதேன் விளிம்பைப் பாருங்கள். சரியாகப் பதிந்திருந்தால் நான்கு பக்கமும் ஒரே ஆழத்தில் பள்ளக்கோடு தெரியும். ஓரிடத்தில் மட்டும் கோடு மங்கியோ, தூசி வழிந்த தடமோ இருந்தால் அங்கேதான் கசிவு. அப்புறம், எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உள்சுவரை வெள்ளை டிஷ்யூவால் ஒருமுறை துடையுங்கள். லேசான எண்ணெய்க் கறை வந்தால் அது எஞ்சினின் சுவாசக் குழாயிலிருந்து வருவது, பயமில்லை. நறநறவென்று தூசி வந்தால் ஃபில்டரைத் தாண்டி ஏதோ வருகிறது.

மூடும்போது எல்லாக் கிளிப்பும் ‘டக்’ என்று விழுகிறதா என்று கேளுங்கள். பின்பக்கக் கொக்கிகள் முதலில் மாட்ட வேண்டிய பெட்டிகளில், அவசரத்தில் முன்பக்கத்தை மட்டும் அழுத்தி மூடிவிடுவதுதான் பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம்.

இணையக் கடைகளில் ஐந்து, ஆறு வெள்ளிக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

விலை குறைவு என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன். விளிம்பைக் கிள்ளிப் பாருங்கள். மென்மையாக அழுங்கி உடனே திரும்ப வேண்டும். கட்டையாக இருந்தால் பதியாது. மடிப்புகள் ஒரே இடைவெளியில் நேராக நிற்க வேண்டும். தாளும் விளிம்பும் சேரும் இடத்தில் பசை விடுபட்டிருக்கக் கூடாது. டார்ச்சைப் பின்னால் பிடித்தால் ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. பழையதற்குப் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணுங்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரபல பெயர்களில் போலிகளும் உலவுவதால், தெரிந்த உதிரிபாகக் கடையில் வாங்குவது நிம்மதி.

பட்டறை அங்கிள் ஏர் கன் வைத்து ஊதித் தருகிறார். அது போதாதா?

வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அந்த அழுத்தத்தில் இழைகள் கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். பார்க்கச் சுத்தமாக இருக்கும் ஃபில்டர் முன்பைவிட அதிகத் தூசியை விடும். இலை, பூச்சி விழுந்திருந்தால் கவிழ்த்து லேசாகத் தட்டினால் போதும்.

கறுத்துப் போயிருக்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புகைக்கரி மிகக் குறைந்த எடையிலேயே தாளைக் கறுப்பாக்கிவிடும். மேலே சொன்னதுபோல, ஓரளவு தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டுகிறது. காரின் கையேட்டில் உள்ள கிலோமீட்டரைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றச் சொல்வது தேவையில்லாத செலவு. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் தனியார் வாடகை வாகன ஓட்டுநர்கள் மாதக் கணக்கை மறந்துவிட்டு, கிலோமீட்டரை மட்டும் பார்க்க வேண்டும்.

புகைமூட்டம் வந்தால் எஞ்சின் ஃபில்டர் சீக்கிரம் அடைக்குமா?

2013 ஜூன் 21ஆம் தேதி மூன்று மணிநேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் காற்றில் கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம் பிஎம்2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) என்று வைத்தாலும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஃபில்டரை அடைவது இரண்டரை மில்லிகிராம்கூட இல்லை. புகைத்துகள் பெரும்பாலும் மென்மையான கரிமப் பொருள், சிலிக்காபோல் உலோகத்தைத் தேய்க்காது. எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலை உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்தான். புகைமூட்டக் காலத்துக்கு முன் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள், ஏர்கானை உட்சுழற்சியில் வையுங்கள். கேபின் ஃபில்டருக்கான சோதனை ஐஎஸ்ஓ 11155. எஞ்சின் ஃபில்டரின் எண்ணை அதனோடு ஒப்பிட முடியாது.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களுக்கு?

ஹைப்ரிட்டில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதால் ஃபில்டருக்கு வேலை குறைவு. மின்சாரக் காரில் எஞ்சின் ஃபில்டரே கிடையாது, கேபின் ஃபில்டர் மட்டும்தான்.

பெட்டியோடு மாற்றி, பெட்டியே இல்லாமல் திறந்திருக்கும் ஓப்பன் பாட் ஃபில்டர் போடலாமா?

வடிகட்டும் கோணத்தில் பார்த்தால் அதற்குத் தேவையே இல்லை, எஞ்சின் அறையின் சூடான காற்றையும் சேர்த்து இழுக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால், ஒன்மோட்டோரிங் தளத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜோகூரில் தோட்டத்து உறவினர் வீட்டுக்கு அடிக்கடி போகிறோம். செம்மண் பாதை. தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். மேலே போட்ட அரை கிராம் கணக்கு அங்கே செல்லாது. செம்பனைத் தோட்டத்துப் பாதையில், முன்னால் போகும் லாரி கிளப்பும் தூசிக்குள் சில நிமிடம் ஓட்டினாலே கொத்தாக உள்ளே வரும். முடிந்தவரை இடைவெளி விட்டுப் போங்கள், லாரிக்கு வால்போல் ஒட்டாதீர்கள். இப்படி மாதாமாதம் போகிறவர்கள் கையேட்டில் ‘கடினச் சூழல்’ என்று தனியாகத் தந்திருக்கும் இடைவெளியைப் பின்பற்றலாம். ஆரம்பத் திறன் அதிகமுள்ள செயற்கை இழை அல்லது நேனோ இழை ஃபில்டருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இவர்களுக்குத்தான் பலன் தரும்.

சந்தேகம் தீராவிட்டால், ஆயில் மாற்றும்போது பழைய எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். மண்தூசியின் சிலிக்காவில் உள்ள சிலிக்கானோடு, எஞ்சின் பாகங்களின் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால் தூசி உள்ளே போய்த் தேய்க்கிறது என்று பொருள். சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால், அண்மையில் எஞ்சினில் சீலண்ட் (கசிவடைக்கும் பசை) பூசி வேலை பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள், அதிலிருந்தும் வரும். அடுத்த ஆயில் மாற்றத்தில் இன்னொரு மாதிரி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.